தலையணையிலிருந்து இருநூறு அடி

அந்தத் தெருவில் அவருக்கு ‘ம்கொட்டி’ என்று பெயர். வைத்தவர் கீழே இஸ்திரிக் கடை நடத்துபவர். என்ன சொன்னாலும் ‘ம்’ என்று மட்டும் பதில் வருகிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம் என்பது அவர் கட்சி. பேண்ட் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்றாலும் ‘ம்’, நாளைக்கே வேண்டும் என்றாலும் ‘ம்’, போன தடவை ஒரு கால் நீளமாகப் போய்விட்டது என்று சண்டைக்கு வந்தாலும் அதே ‘ம்’தான். சும்மா சொல்லக் கூடாது, வேலை மட்டும் படு சுத்தம். புதுத் துணியைத் தொடமாட்டார், ஆல்டரேஷன் மட்டும்தான். இடுப்பைப் பிடித்துக் கொடுப்பார், ஜிப் மாற்றுவார், கோட்டின் உள்துணி கிழிந்தால் வெளியே தெரியாமல் ஒட்டுப் போடுவார். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளவில்லை. இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. உள்ளறையில் சுவரோரமாக ஒரு கட்டில், கட்டிலில் அம்மா. இப்போது கட்டில் மட்டும் இருக்கிறது. அம்மா போய் ஆறேழு மாதம் ஆகிறது.

குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, கொஞ்ச நாள் படுத்திருந்தால் கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். பத்து வருடத்துக்கு மேல் படுத்திருந்தாள். மகன் கடைத்தெருவில் இருந்த கடையைக் காலி செய்துவிட்டு மிஷினை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அதைப் போட்டார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வெளிச்சம் தோள் வழியாகத் துணி மேல் விழும். அம்மா எதிரிலேயே இருப்பாள். தண்ணீர் வேண்டும் என்றாலோ புரண்டு படுக்க வேண்டும் என்றாலோ வாயைத் திறந்து கேட்கக்கூட வேண்டாம். யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம் வரை குனிந்த தலை நிமிராமல் தைப்பார்.

அம்மாவுக்குக் கால்தான் போயிற்று, வாய் கெட்டியாக இருந்தது. எதிர்க் கட்டிடத்தின் மொட்டை மாடி இவர்கள் வீட்டைவிட ஒரு மாடி கீழே. அங்கே இரும்புக் கால்களின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் ஒரு பறவை வந்து உட்காரும் என்பாள். சாம்பல் முதுகு, வரிவரியாக நெஞ்சு, சிவப்புக் கண். அதற்குச் ‘செவப்புக் கண்ணு’ என்று பெயரே வைத்துவிட்டாள். “டேய், வந்திருக்கு பாருடா. வாயில எதையோ கவ்விக்கிட்டு வந்திருக்கு” என்பாள். மகன் ‘ம்’ என்பார். “ஜோடியையும் கூட்டிட்டு வந்திருக்கு பாரு” என்பாள். அதற்கும் ‘ம்’. ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணை எடுத்தால் தையல் கோணிவிடும். அதனால் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்காமலே அந்தப் பறவை அவருக்கு அத்துப்படி.

அம்மா போன மதியம் அவர் ஒரு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தார். மூச்சுச் சத்தம் நின்றது காதில் விழுந்தது. எழுந்து போனார். மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார். கண்களை மூடிவிட்டார். அப்புறம் திரும்பி வந்து உட்கார்ந்து, பாதியில் நின்ற ஜிப்பைத் தைத்து முடித்து, நூலை அறுத்து, பேண்ட்டை மடித்து வைத்தார். அதற்குப் பிறகுதான் அக்காவுக்குப் போன் போட்டார். இதை அக்காவிடம் ஒளிக்காமல் சொல்லித் தொலைத்ததுதான் அவர் செய்த தப்பு. அவள் துக்கத்துக்கு வந்த இடத்திலேயே “கல்லுடா நீ” என்று சொல்லிவிட்டாள். அவர் மறுக்கவில்லை.

அழுகை வரவே இல்லை. வரும் என்று காத்திருந்தும் பார்த்தார். ஏதாவது வலிக்கும், எங்கேயாவது அடைக்கும் என்று நினைத்தார். ஒன்றுமில்லை. டீ ஆறிப்போகும், ஆறியதைக் குடிப்பார், சூடாகக் குடித்ததற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஒருநாள் ஊசி விரலில் ஏறி வெள்ளைச் சட்டையில் ரத்தம் பட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது. வாராவாரம் கட்டிலுக்குப் புது விரிப்பு மாற்றினார். பழக்கம்தான், வேறொன்றுமில்லை. இஸ்திரிக்காரர் நல்ல எண்ணத்தில் மேலே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். இடித்த புளி மாதிரி எதிரில் உட்கார்ந்திருக்கிறவரிடம் எவ்வளவு நேரம் பேச முடியும்? எழுந்து போய்விட்டார்.

அக்கா வெளியூரில் இருக்கிறாள், ரயிலில் ஒரு ராத்திரி தூரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாள், பிறகு உடம்பைப் பற்றி, பிறகு அழ ஆரம்பிப்பாள். அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்வார். அவளுக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டில்லையா? ஒரு ஞாயிறு கறாராகவே பேசிவிட்டாள். வீட்டைக் காலி செய்துவிட்டு அவளோடு வந்து இருக்க வேண்டும், பின்கட்டு அறை காலியாகத்தான் கிடக்கிறது, மாமாவிடமும் சொல்லியாகிவிட்டது. மாட்டேன் என்றால், இங்கே இருந்து என்ன செய்யப் போகிறாய் என்பதைச் சொல்ல வேண்டும்.

“உனக்குன்னு என்னடா வேணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது வேணும்னு உன் வாயால சொல்லிட்டீன்னா நான் உன்னை விட்டுடறேன். சொல்லலைன்னா மாசக் கடைசில வண்டியோட வந்து நிப்பேன்.”

அவர் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார். எதுவும் வேண்டியிருக்கவில்லை. இங்கே இருப்பதும் ஒன்றுதான், அங்கே இருப்பதும் ஒன்றுதான். ஆனால் மூட்டையோடு மூட்டையாக வண்டியில் ஏறிப் போவது மட்டும் என்னவோ போல் இருந்தது. போனால் அந்தப் பின்கட்டு அறையில் கிடந்தே பொழுதைத் தள்ளிவிடுவோம் என்று தோன்றியது. மிஷினில் அப்போது ஒரு கையில்லாத சட்டை மாட்டியிருந்தது. அதற்கு நாலைந்து புதுப் பைகள் வைத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் கேமராவும் பாட்டரியும் வைத்துக்கொள்ளக் கேட்டிருந்த பைகள். கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டார்.

“கேமரா.”

“கேமராவா? எதுக்கு?”

“பறவையை எடுக்க.”

“எந்தப் பறவையை?”

“அம்மா சொல்லுவாங்களே, அந்த செவப்புக் கண்ணு.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஒரு தடவை ‘அக்கா’ என்றுகூடக் கூப்பிட்டார். கடைசியில் அக்கா, சரி வாங்கு, ஆனால் உண்மையிலேயே வாங்க வேண்டும், சாக்குச் சொல்லக் கூடாது, அடுத்த மாதத்துக்குள் அந்தப் பறவையின் படத்தை எனக்கு அனுப்ப வேண்டும் என்றாள். கொள்ளை விலை கொடுத்து ஏமாந்துவிடாதே என்றும் சொன்னாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் பாவம், என்ன செய்வார்? ‘ம்’ என்றார்.

பைச் சட்டைக்குச் சொந்தக்காரர் பல் செட் செய்து கொடுப்பவர். பெரிய பல் டாக்டர்களுக்கெல்லாம் இவர்தான் பின்னாலிருந்து பற்களைச் செய்து அனுப்புகிறார். லீவு நாளில் ஏரிக்கரையே கதி. தெருவில் எல்லாரும் ‘பறவைக்காரர்’ என்பார்கள். நாள் முழுக்க மெழுகிலும் பற்களிலும் வேலை செய்கிறவருக்கு வாயைத் திறக்க வழியில்லை போலிருக்கிறது. இங்கே வந்தால் பொரிந்து தள்ளிவிடுவார். ஓய்வில்லாமல் பேசுகிறவருக்கு ‘ம்’ கொட்டுகிறவர் கிடைத்தால் விடுவாரா?

சட்டையை வாங்க வந்தவரிடம் கேமரா விஷயத்தை எடுத்ததும் ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். போனில் எடுக்கலாமே என்ற நினைப்பை முதலில் விடச் சொன்னார். போனில் பறவை வராது, கறுப்பாக ஒரு புள்ளி வரும், அதைப் பறவை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். லென்ஸ் மாற்றுகிற கேமரா நல்லதுதான், ஆனால் அது ஆளை விழுங்கிவிடும். கேமராவைக் கொஞ்ச விலைக்கு வாங்கிவிடலாம். தூரத்துப் பறவையை எட்டுகிற லென்ஸ் வாங்கப் போனால் வீட்டில் சண்டை வரும், தூக்கிக்கொண்டு நடந்தால் தோள் இறங்கிவிடும். அவருக்கு இரண்டும் வந்துவிட்டன. புதிதாக ஆரம்பிக்கிறவருக்குச் சூப்பர் ஜூம் என்கிற வகை போதும். லென்ஸ் அதிலேயே ஒட்டியிருக்கும், கழற்ற முடியாது, ஆனால் எங்கேயோ இருப்பதைக் கிட்டே இழுத்துவிடும். குறையும் உண்டு. வெளிச்சம் மங்கினால் படம் மணல் தூவின மாதிரி ஆகிவிடும். பறக்கிறதைத் துரத்தி எடுக்க முடியாது. உட்கார்ந்திருக்கிற பறவைக்கு அது தங்கம். பழசாக வாங்கினால் விலை பாதிதான்.

சாம்பல் முதுகு, வரி நெஞ்சு, சிவப்புக் கண் என்று அடையாளம் சொன்னதும், அது வைரி, சின்னக் கழுகு மாதிரி, ஓணானும் சின்னக் குருவிகளும் தின்னும் என்றார். போகிற போக்கில் ஒன்று சொன்னார்: எவ்வளவு தூரத்தில் உட்காருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அதைப் பொறுத்துத்தான் ஜூம்.

ஒரு தையல்காரரிடம் இதைச் சொல்லலாமா? மற்றவர்கள் ‘ஒரு இருநூறு அடி இருக்கும்’ என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இவர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார்.

டேப் ஐந்து அடி. தலையணையில் ஒரு நுனியை வைத்து ஆரம்பித்தார். பறவையைப் பார்த்தவள் அம்மா, அம்மாவின் தலை இருந்த இடம் தலையணை. ஆகவே அளவு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கட்டிலிலிருந்து மிஷின், மிஷினிலிருந்து ஜன்னல் சுவர். பிறகு கீழே இறங்கி, தெருவைத் துணியில் குறி வைக்கிற சாக்பீஸால் கோடு போட்டுக் கோடு போட்டு அளந்தார். இஸ்திரிக்காரர் வேலையை விட்டுவிட்டு மறு நுனியைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஸ்கூட்டர் டேப் மேல் ஏறிப் போயிற்று. யார் வீட்டு ரோட்டுக்குச் சட்டை தைக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். எதிர்க் கட்டிடத்துக் காவலாளி முதலில் உள்ளே விடவில்லை, பிறகு சிரித்துக்கொண்டே விட்டார். தொட்டியின் கால்வரை கூட்டிப் பார்த்தால் இருநூறு அடிக்கு நெருக்கமாக வந்தது. நீளம் பார்த்தாயிற்று, தெருவில் கோணல் வராமல் நேராகவும் பார்த்தாயிற்று. தையலில் இப்படித்தான், மேஜை மேல் தட்டையாக விரித்துப் போட்டுத்தான் எதையும் அளப்பார்கள். திருப்தியாகக் கை கழுவிக்கொண்டார்.

பழைய கேமராக் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கண்ணாடியைத் தலை மேல் ஏற்றிவிட்டுக்கொண்ட ஒரு பெண்மணி நடத்துகிறார். முன்னால் கேமரா ரிப்பேர் மட்டும்தான் செய்துகொண்டிருந்தாராம். கொடுத்தவர்கள் திரும்ப வாங்க வராததில் கடையே உருவாகிவிட்டது என்று அவரே சொன்னார். இவருடைய ‘ம்’மை அவர் சட்டை செய்யவில்லை. பட்ஜெட்டை மட்டும் கேட்டுக்கொண்டு, ஒரு கறுப்புத் துணியை விரித்து மூன்று கேமராக்களை வைத்தார்.

முதலாவது லென்ஸ் மாற்றுகிற ரகம், சின்ன லென்ஸோடு. கைக்கு அடக்கமாக இருந்தது, படம் கண்ணைப் பறித்தது. ஆனால் சந்தின் கோடியில் இருந்த மருந்துக் கடைப் பலகையை எடுத்தால் பலகை தபால்தலை அளவுக்குத்தான் வந்தது. இரண்டாவது ஒரு சூப்பர் ஜூம், கொஞ்சம் சின்னது, விலை ரொம்பக் குறைவு. பலகையின் எழுத்துகள் நன்றாகத் தெரிந்தன. மூன்றாவதும் சூப்பர் ஜூம்தான், பெரியது. பிடியில் இருந்த ரப்பர் தேய்ந்திருந்தது. முன்னால் வைத்திருந்தவர் சும்மா இருக்கும்போதெல்லாம் அதைச் சுரண்டியிருக்க வேண்டும். ஜூமைத் தள்ளத் தள்ள லென்ஸ் நீண்டுகொண்டே போயிற்று. பலகை வந்தது, பலகையில் ஒரு எழுத்து வந்தது, கடைசியில் அந்த எழுத்தில் பெயிண்ட் உரிந்த இடம் மட்டும் வந்தது.

பெண்மணி பழசு வாங்குகிறவர் பார்க்க வேண்டியதையெல்லாம் காட்டிக் கொடுத்தார். லென்ஸுக்குள் டார்ச் அடித்தார். நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, வாங்கக் கூடாது. ஜூம் போகும்போது கரகரவென்றால் உள்ளே மணல். பாட்டரி வயிறு உப்பியிருந்தால் அதற்குத் தனிச் செலவு. வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது, அதனால் கண்ணை வைத்துப் பார்க்கிற துளை இருக்கிற கேமராவாகப் பார்த்து வாங்க வேண்டும். இவர் சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பித் தையல் பார்க்கிற மாதிரி கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, ஒவ்வொரு திருகாணியையும் தடவிப் பார்த்தார். இவ்வளவு ஜூமில் கை கொஞ்சம் நடுங்கினாலும் படம் கலைந்துவிடும், முழங்கையை விலாவில் ஒட்டிக்கொள்ளுங்கள், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பெண்மணி சொன்னார். தையல்காரர் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுப் பெண்மணி நிமிர்ந்தார்.

“கை கல்லு மாதிரி நிக்குதே உங்களுக்கு.”

அவர் ‘ம்’ என்றார்.

“எவ்வளவு தூரத்துல உட்காருது உங்க பறவை?”

“இருநூறு அடி. தலையணைலேருந்து.”

“தலையணையா?” பெண்மணி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். “யாரு, படுத்த படுக்கையா இருக்காங்களா?”

“இருந்தாங்க. இப்ப இல்ல.”

பெண்மணி பெரிய கேமராவை அவர் கையிலிருந்து வாங்கித் துணி மேல் வைத்தார். பிறகு வியாபாரி பேசக் கூடாததைப் பேசினார். அறைக்குள்ளிருந்து எடுத்தால் ஜன்னல் கம்பி குறுக்கே வரும், உள்ளே இருட்டும் வெளியே வெயிலும் சேர்ந்து படத்தைக் கெடுக்கும். ஜன்னலருகே வந்து நின்றுவிட்டால் அந்தத் தொல்லை கிடையாது. மொட்டை மாடிக்குப் போனால் இன்னும் தெளிவு. எதிர்க் கட்டிடத்துக்காரர் விட்டால் அந்த மாடிக்கே போய் ஒரு மூலையில் உட்காரலாம். அப்படிப் பார்த்தால் இரண்டாவது கேமராவே தாராளமாகப் போதும், வீண் செலவு எதற்கு என்றார்.

“நீங்கதான் இப்ப எங்க வேணா போய் நிக்கலாமே சார். ஏன் அங்கேருந்தே எடுக்கணும்?”

இதற்கு ‘ம்’ சொல்ல முடியாது. பத்து வருடமாக அவருடைய உலகத்தில் எல்லாத் தூரமும் அந்தத் தலையணையிலிருந்துதான் இருந்தது. அடுப்பு எவ்வளவு தூரம், கடை எவ்வளவு தூரம், கூப்பிட்டால் காதில் விழுகிற தூரமா இல்லையா. அந்தத் தலையணையில் இப்போது தலை இல்லை என்பது தெரியும். அதனால் இனி எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கலாம் என்பது அந்தக் கடையில் அந்த நிமிடம்வரை தோன்றியதே இல்லை. தோன்றியும் அதில் சந்தோஷமோ துக்கமோ ஒன்றும் வரவில்லை.

“அங்கேருந்துதான் அது தெரியும்” என்றார்.

பெண்மணி பெரிய கேமராவையே துடைத்துக் கொடுத்தார். உப்பாத பாட்டரியாக ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டார்.

ஞாயிறு காலை வெளிச்சம் நன்றாக இருந்தது. பாட்டரி நிறைந்திருந்தது. அவர் மிஷின் நாற்காலியில் உட்காரவில்லை, ஜன்னல் பக்கமும் போகவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தார். பிறகு காலைத் தூக்கி வைத்து, தலையணையில் தலையை வைத்துப் படுத்தார். அந்தக் கட்டிலில் அவர் படுப்பது அதுதான் முதல் தடவை. ராத்திரியெல்லாம் முன்னறையில் பாய் விரித்துப் படுப்பதுதான் வழக்கம். அம்மாவைத் திருப்பிப் போட, துடைத்துவிட, தலையணை உறை மாற்ற எத்தனையோ தடவை அதன் மேல் குனிந்திருக்கிறார். தலையை வைத்ததில்லை.

கேமராவைக் கண்ணில் வைத்துத் தொட்டியைத் தேடினார். ஜன்னல் கம்பி வந்தது. கம்பிக்கு நடுவில் வானம் வந்தது, கைக்குட்டை அகலத்துக்கு. கீழே இறக்கினார், சுவர் வந்தது. தொட்டி இல்லை. ஜூமைக் குறைத்துவிட்டு மறுபடி தேடினார். கேமராவை எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். தொட்டியைக் காணோம்.

எழுந்து ஜன்னலுக்குப் போனார். தொட்டி எங்கேயும் போகவில்லை, எதிர் மாடியில் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து படுத்தார். தொட்டி மறைந்துவிட்டது. கட்டில் இடம் மாறியிருக்குமோ என்று கீழே பார்த்தார். நாலு காலும் தரையில் வருஷக்கணக்காகப் பதிந்த குழிகளிலேயே இருந்தன. இன்னொரு தலையணையை வைத்துப் பார்த்தார். அம்மாவால் அந்த அளவுக்குக்கூடத் தலையைத் தூக்க முடியாது, தூக்கினால் இடுப்பு கத்தும். வைத்தும் தெரியவில்லை. டேப்பை எடுத்துவந்து ஜன்னல் திண்டின் உயரத்தை அளந்தார். தலையணையின் உயரத்தை அளந்தார். திண்டு மேலே, தலை கீழே, தொட்டியோ அதற்கும் கீழே. சின்னப் பையனைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பான். ரோடு வரை இறங்கி நீளத்தை அளந்தவர் வீட்டுக்குள் உயரத்தை அளக்காமல் விட்டுவிட்டார்.

பொருந்தாத இரண்டு கைகளை ஒரே சட்டையில் வைத்துத் தைத்துவிட்ட மாதிரி குழம்பிப்போய்ப் படுத்திருந்தார். கேமரா மட்டும் கண்ணில் இருந்தது. விரல் தானாக ஜூமைத் தள்ளியது. எதிரில் இருந்தது மிஷின். அதற்குப் பின்னால் அவருடைய நாற்காலி. அது கிட்டே வந்து, இன்னும் கிட்டே வந்து, படம் முழுவதும் அதுவே ஆயிற்று. அவருடைய தலை இருக்கும் இடத்துக்குப் பின்னால்தான் அந்தக் கைக்குட்டை வானமும் இருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டால் அதுவும் மறைந்துவிடும். இந்தத் தலையணையிலிருந்து தெரியக்கூடிய ஒரே ஒன்று அவர்தான்.

போன் அடித்தது. படுத்தபடியே எடுத்தார். அக்கா சாப்பாட்டைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை, படம் எடுத்தாயா என்றுதான் முதலில் கேட்டாள்.

“இங்கேருந்து தொட்டி தெரியலக்கா.”

“எங்கேருந்து?”

“அம்மா தலையணைலேருந்து.”

அக்கா மெதுவாகச் சொன்னாள்.

“தெரியாதுடா. நான் வரும்போதெல்லாம் அம்மா பக்கத்துலதானே படுப்பேன். எனக்குத் தெரியும்.”

“அப்ப அந்த செவப்புக் கண்ணு?”

“அது அம்மா நடமாடிட்டு இருந்தப்ப ஜன்னல்ல நின்னு பார்த்தது. படுத்ததுக்கு அப்புறம் எங்கேருந்து பார்ப்பாங்க? சும்மா சொல்லிட்டு இருந்தாங்க. நீ உட்கார்ந்தா நிமிர மாட்டேங்கற, கழுத்து போயிடும், கண்ணு போயிடும்னு என்கிட்ட புலம்பாத நாள் கிடையாது. எழுந்து போய்க் காத்து வாங்குன்னா கேக்க மாட்டான், பறவை வந்திருக்குன்னா ஒரு நிமிஷமாவது ஜன்னல் பக்கம் திரும்புவான்னு சொல்வாங்க.” அக்கா மூக்கை உறிஞ்சினாள். “நீ கேமரான்னு சொன்னதும் எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உனக்குன்னு ஒண்ணு கேட்டிருக்கே, அதையும் ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன். நீ அப்பப்ப திரும்பிப் பார்த்திருப்பேன்னுதான் நினைச்சேன். பார்த்தியாடா?”

“இல்லக்கா.”

“ஒரு தடவைகூடவா?”

அவர் கேமராவை நெஞ்சின் மேல் இறக்கி வைத்தார். தொண்டை வலித்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு வலி வந்திருந்தது. அம்மா இல்லை. அது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. காது ஓரமாக ஏதோ சூடாக ஓடித் தலையணையை நனைத்தது. அந்தப் பக்கம் அக்காவும் அழுதுகொண்டிருந்தாள். அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவில்லை.

அக்கா கொஞ்சம் சமாளித்துக்கொண்டு, நீ முகம் கழுவிட்டு ஏதாவது சாப்பிடு, நான் சாயங்காலம் கூப்பிடறேன் என்றாள்.

“வைக்காதக்கா” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “எனக்கு ஒண்ணு வேணும்.”

“என்னடா வேணும்?”

“அம்மா என்னைப் பத்தி வேற என்னல்லாம் சொல்வாங்க? அதைச் சொல்லு.”